ஏழாம் வழி: வாடகை வண்டி எடுப்பவருக்கு

கிளம்புமுன் டயரை அமுக்கிப் பாருங்கள்.
கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே போகவேண்டும்.
கல்போல இறுகிய டயருக்குச் சேற்றில் பிடி கிடைக்காது.
சங்கிலிக்கு எண்ணெய் நானே விட்டேன்.

முதல் நான்கு கிலோமீட்டர் ஆற்றோடு.
சாயரா இங்கே அவசரமில்லாத ஆறு,
ஆல்டர் வேர்களில் நின்று நின்று போகும்.
பழைய துவைதுறைக் கல்லின்மேல்
யாரோ இன்னும் சோப்பு வைக்கிறார்கள்.
தெல்மிராவின் மாட்டுவேலியைத் திறந்தால் மூடுங்கள்;
கேட்டால், பிரெய்ஷோ கடையிலிருந்து என்றால் போதும்.
அவள் நாய் குரைக்கும், கடிக்காது.
அடுத்த வளைவில் இன்னொரு நாய் உண்டு,
அது குரைக்காது.

பிறகு ஏற்றம்.
யூகலிப்டஸ் பட்டை நாடா நாடாவாய்க் கிடக்கும்,
பின்சக்கரத்தில் சுற்றிக் கியரை முறித்துவிடும்.
இறங்கித் தள்ளினால் வெட்கமில்லை.
சபேலா ஒவ்வொரு முறையும் இங்கே இறங்குவாள்.
இறங்கியதும் பேசத் தொடங்குவாள்.
நான் விடாமல் மிதித்தேன்.
அவள் சொன்னதில் பாதிதான் என்னிடம் இருக்கிறது.

உச்சியில் கடல் தெரியும்
என்று வரைபடத்தில் அச்சிட்டிருக்கிறோம்.
பத்தில் ஆறு நாள் தெரியாது.
எங்கள் கலீசியாவில் அதற்கு ஒர்பாயோ என்று பேர்.
விழுகிற மழையல்ல அது,
சும்மா இருக்கிற மழை.
புருவத்தில் சேர்ந்து சொட்டும்போதுதான்
நனைந்தது தெரியும்.

குறிகளைப் பற்றி:
வெள்ளை அம்பு நான் போட்டது.
பச்சை அவளுடையது, அவள் அப்பா படகுக்கு அடித்து
மிச்சமான பச்சை, உப்புக்கு அசையாது.
இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கம் காட்டும்.
கல்லுக்கால்களில் சோளக் குதிர்கள் நிற்கும் ஊரைத் தாண்டி,
பதினேழாவது கிலோமீட்டரில்
பிரியும்.

வெள்ளை, வலப்பக்கம்: பாறை விளிம்பு, பக்கக்காற்று,
ஹேண்டில்பார் அகலத்துக்கு மட்டும் பாதை.
கீழே பெர்செபெ சுரண்டுகிறவர்கள்
இடுப்பில் கயிற்றோடு அலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.
கையசைக்காதீர்கள். எண்ணிக்கை தப்பும்.

பச்சை, இடப்பக்கம்: கழிமுகத்து மணல்.
ஓதம் வற்றிய இரண்டு மணிநேரம்தான் அங்கே பாதை உண்டு.
மற்ற நேரமெல்லாம் அது ஆறு.
எது நல்ல வழி என்று மூன்று வருஷம் வாதாடினோம்,
கடைசியில் வழியைப் பற்றி அல்ல.

அவள் பில்பாவோ போன மறு ஞாயிறு
ஒரு டப்பா வெள்ளையோடு கிளம்பினேன்.
பன்னிரண்டு பச்சையை மூடினேன்.
பதினேழாவது கிலோமீட்டரில் டப்பா காலி.
மறுபடி வாங்கியிருக்கலாம்.

ஓத நேரம் உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கிறது,
கோடைக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.
மணலில் இலேசான கியர், விடாத மிதி.
நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள்.
நின்றால் புதையும்.

இதை எழுதத் தேவையில்லை, ஆனாலும்:
போன செவ்வாய் மணல் எப்படி என்று பார்க்கப் போனேன்.
பச்சை அம்பு பளபளத்தது.
தொட்டேன், விரலில் ஒட்டியது.
படகை அவள் அப்பா விற்று ஒரு வருஷமாகிறது.
பக்கத்தில் என் வெள்ளைக்கும்
யாரோ ஒரு பூச்சு கொடுத்திருந்தார்கள்,
நான் போடுவதைவிட வால் கொஞ்சம் நீளமாக.

எட்டு மணிக்குள் வண்டியைக் கொடுங்கள்.
முன்பணம் இருபது யூரோ திரும்பக் கிடைக்கும்.
பின்பக்கம் குழாய் இருக்கிறது, ஆனால் நீங்கள் கழுவ வேண்டாம்,
அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.
எந்தப் பக்கம் போனீர்கள் என்றும் கேட்கமாட்டேன்.
தண்ணீர் விட்டால் சக்கரமே சொல்லிவிடும்,
சேறா, மணலா என்று.

இந்த வாரம் முழுக்க மணல்.